வாங்கு, விலகு, கொடு, வணங்கு

வெர்னா ஹாஸ்கெட்டுக்கும் கறுப்பு பெல்ட்டுக்கும் நடுவில் எட்டு வருடமாக ஓர் எட்டுத் தூரம்தான் இருந்தது. அந்த ஓர் எட்டை எடுத்து வைக்கத்தான் மாஸ்டர் டுவெயின் கிரப் விடவில்லை. முதல் தேர்வில், "உதை சரி, குத்து சரி, கண்ணுல புலி இல்ல" என்றார். வெர்னா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். கண்ணில் புலியோடு காலை ஏழரைக்கு நாற்பது பிள்ளைகளை ஏற்றினால் பெற்றவர்கள் சும்மா விடுவார்களா என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. இரண்டாவது தேர்வில் அவள் மூச்சு வயிற்றிலிருந்து வராமல் நெஞ்சிலிருந்து வந்துவிட்டதாம். மூன்றாவதில் இடது கால் சுண்டுவிரல் வெளியே பார்த்துக்கொண்டிருந்ததாம். அந்த விரல் அவள் பிறந்த நாளிலிருந்து வெளியேதான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாஸ்டருடைய கராத்தே பள்ளி வில்லோபெண்ட் ஊரின் பெரிய தெருவில், துணி துவைக்கும் கடைக்கும் தூண்டில் கடைக்கும் நடுவில் இருந்தது. சஸ்காட்செவன் மாகாணத்திலேயே எட்டாம் நிலைக் கறுப்பு பெல்ட் தனக்கு மட்டும்தான் என்பார் மாஸ்டர். சுவரில் சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. கடைசி மூன்றையும் கொடுத்தது ஓர் உலகக் கழகம். அந்தக் கழகத்தின் தலைவர் யார் என்பது கையெழுத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வகுப்பு அவருக்கு உயிர். 'திடீர்த் தாக்குதல்' என்று அதற்குப் பெயர். ஒருவர் தடியால் அடிக்க வருவார். அடுத்தவர் தடியைப் பிடுங்க வேண்டும், அது ஒன்று. பின்னால் நகர வேண்டும், இரண்டு. தடியைக் கிடையாக இரண்டு கையிலும் ஏந்தித் திருப்பித் தர வேண்டும், மூன்று. குனிந்து வணங்க வேண்டும், நான்கு. உடனே அவர் மறுபடி அடிக்க வருவார். "வாங்கு, விலகு, கொடு, வணங்கு" என்று மாஸ்டர் தாளம் தட்டிக்கொண்டே நடப்பார். பதினாலு பேருக்கு மூன்று தடிகள்தான் இருந்ததாலும், பளபளவென்று மெருகேற்றிய மேப்பிள் பலகைத் தரையில் தடி விழுந்தால் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும் என்பதாலும் வந்த முறை அது. வருடங்கள் போகப் போக அதுவே பாரம்பரியமாகிவிட்டது.

எட்டு வருடத்தில் தான் எத்தனை ஆயிரம் முறை தடியைத் திருப்பிக் கொடுத்திருப்போம் என்று வெர்னா எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டிய நாள் பிப்ரவரியில் வந்தது.

ஊர் ஐஸ் அரங்கில் பிள்ளைகளுக்கான ஹாக்கிப் போட்டி. இரண்டாவது பாதிக்கும் மூன்றாவது பாதிக்கும் நடுவில் (ஹாக்கியில் பாதிகள் மூன்று, அதைப் பற்றி அந்த ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை) கராத்தே பள்ளியின் செய்முறை விளக்கம் என்று ஏற்பாடு. 'திடீர்த் தாக்குதல்: நீங்கள் தயாரா?' என்று மாஸ்டர் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார். அரங்கத்து ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை தனக்கு வரும் என்பது அவர் கணக்கு. வெர்னாவின் கணக்கு வேறு.

"இதையே தேர்வா வெச்சுக்கோ" என்று அவளிடம் மாஸ்டர் சொல்லியிருந்தார். "ஜனங்க முன்னாடி ஒழுங்கா செஞ்சு காட்டு. ஐஸ் மேலயே கறுப்பு பெல்ட்டைக் கட்டி விடறேன்."

பெல்ட் அவர் பையில் இருந்தது. ஜிப் மூடாத இடத்தில் அதன் நுனி தெரிந்தது. வெர்னா அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. உள்ளே அவ்வளவு மோசமில்லை, ஆனால் விளக்கத்துக்கு வந்த ஏழு பேரும் வெறுங்காலோடு ஐஸுக்குப் போகும் நடைவழியில், ரப்பர் விரிப்பின் மேல் வரிசையாக நின்றார்கள்.

"மாஸ்டர், சாக்ஸ் போட்டுக்கலாமா?" என்றார் டாக்டர் லீலண்ட் வாஸ். பல் மருத்துவர். மூன்றாம் நிலைக் கறுப்பு பெல்ட்.

"சாமுராய் போட்டானா?"

"சாமுராய் இந்த ஊருக்கு வரலையே மாஸ்டர். எனக்குக் கட்டைவிரல் இருக்கான்னே சந்தேகமா இருக்கு."

"குனிஞ்சு பாத்துக்கோ" என்றாள் வெர்னா. "எனக்கு ஒண்ணு வெளிய பாத்துக்கிட்டு நிக்குது."

இரண்டாவது பாதி முடிந்து மணி அடித்தது. பிள்ளைகள் உடைமாற்றும் அறைக்குப் போனார்கள். கடைசியாக நடுவர் மில்ட்டன் ரோகாஷ் அதே நடைவழியாக வந்தார். வாரத்தில் ஐந்து நாள் கணக்கு வாத்தியார், சனிக்கிழமை நடுவர். இரண்டு வேலையிலும் ஊரில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது.

அவருக்குப் பின்னால் கர்ட்டிஸ் டெம்ப்கோ ஓடி வந்தான். தன் மகனை நடுவர் இரண்டு நிமிடம் ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைத்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. கையில் மகனுடைய உபரி மட்டை. "கண்ணு குருடாய்யா உனக்கு?" என்று கேட்டபடியே ஓங்கி, நடுவரின் தோளில் ஒன்று போட்டான். மில்ட்டன் குப்புற விழுந்தார்.

ஏழு பேர் நின்றார்கள். அத்தனை வருடமாக அத்தனை வெள்ளிக்கிழமையும் காத்திருந்த அந்தத் திடீர்த் தாக்குதல், ஏழு பேர் கைக்கும் எட்டும் தூரத்தில் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் வாஸ் கால்களை அகட்டி, அழகான ஒரு நிலையில் நின்று, வயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டார். பிறகு கர்ட்டிஸ் தன் பக்கம் திரும்புவதற்காகக் காத்திருந்தார். சண்டை தொடங்குமுன் வணங்க வேண்டும் என்ற ஒழுங்குப்படி இரண்டு பேர் வணங்கினார்கள். மாஸ்டர் மூன்றடி பின்னால் போய்க் கண்களைச் சுருக்கினார். தூரத்தைக் கணித்தேன் என்று பின்னால் சொன்னார். எவ்வளவு என்று சொல்லவில்லை.

மட்டை இரண்டாவது முறை மேலே போனது. வெர்னா உள்ளே புகுந்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. இடது கை அவன் மணிக்கட்டைத் தட்டியது, வலது கை மட்டையின் நடுவைப் பிடித்துத் திருகியது, மட்டை அவள் கைக்கு வந்துவிட்டது. வெண்ணெயில் கத்தி போன மாதிரி அவ்வளவு சுத்தம். எந்த வெள்ளிக்கிழமையும் அப்படி வந்ததில்லை. மூச்சுகூட வயிற்றிலிருந்துதான் வந்தது.

ஓரடி பின்னால் நகர்ந்தாள். மட்டையைக் கிடையாக இரண்டு கையிலும் ஏந்திக் கர்ட்டிஸிடம் நீட்டினாள்.

கர்ட்டிஸ் நல்ல வளர்ப்பு. எவ்வளவு கோபத்திலும் யாராவது ஒன்றை நீட்டினால் அவனுக்கு வாயில் வருவது ஒன்றுதான்.

"தேங்க்ஸ்" என்று வாங்கிக்கொண்டான்.

வெர்னா குனிந்து வணங்கினாள். குனிந்த தலையோடு இருக்கும்போதுதான் மில்ட்டனின் மணிக்கட்டு முறிந்த சத்தம் கேட்டது.

அதற்குமேல் அவன் அடிக்கவில்லை. கேன்டீன் கதவைத் திறந்துகொண்டு வந்த ஸ்டெல்லா ஹ்ரின்கோ, ஒரு கையில் எண்ணெய் சொட்டும் கரண்டியோடு, மறு கையால் அவன் ஜாக்கெட்டின் தலைமூடியைப் பின்னாலிருந்து பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். கர்ட்டிஸ் தொப்பென்று தரையில் உட்கார்ந்தான்.

"டேய் கர்ட்டிஸ், அசையாம உக்காருடா. உங்கம்மாவுக்குப் போன் போடவா?"

"வேணாம்" என்றான் கர்ட்டிஸ்.

"மட்டையை அந்தாண்ட தள்ளு." தள்ளினான். ஸ்டெல்லா அதைக் காலால் இன்னும் தூரத் தள்ளிவிட்டு, வெள்ளை உடையில் நின்ற ஏழு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க யாரும் ஏன் செருப்புப் போடல?" என்று கேட்டுவிட்டு, உருளைக்கிழங்கு கருகுகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: கராத்தே விளக்கம் ரத்து, கேன்டீனில் சூடாகப் பெரோகிக் கொழுக்கட்டை தயார். பையின் ஜிப்பை மாஸ்டர் முழுசாக மூடினார்.

போலீஸ்காரர் வந்து ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்கினார். இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஒவ்வொருவரும் விவரமாகச் சொன்னார்கள். டாக்டர் வாஸ் எழுந்து நின்று செய்தே காட்டினார். போலீஸ்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். வெர்னாவிடம் மட்டும் ஒரே கேள்விதான். "குடுத்தீங்களா? நீங்களா?"

அன்றிலிருந்து ஊர் முழுக்க அதே கேள்வி. பெட்ரோல் போடப் போனால், பால் வாங்கப் போனால், ஏன் குடுத்த. பேருந்தில் ஏறும் வாண்டுகள்கூடப் பையைக் கழற்றி இரண்டு கையிலும் ஏந்தி அவளிடம் நீட்டி வணங்கின. திங்கள்கிழமை காலை பள்ளி வாசலில் மில்ட்டன் கட்டுப்போட்ட கையோடு நின்றார். வெர்னா இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஸாரி சார்."

"முதல்ல வாங்கின பாரு, அது நல்லா இருந்துச்சு" என்றார் மில்ட்டன். நிஜமாகவே பாராட்டினார். "கீழ கெடந்து பாத்தேன். இனிமே அடி விழாதுன்னு நெனச்சேன். அப்புறம் எதுக்கு திருப்பிக் குடுத்த?"

"அப்படித்தான் பழக்கம்."

"அது என்ன பழக்கம்?" என்றார் மில்ட்டன்.

அன்று மாலை வெர்னா ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய், பேருந்தைப் பின்னால் எடுத்து வந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார். அரங்கில் அன்று யார் எங்கே நின்றது, என்ன செய்தது என்று பலகையில் அம்புக்குறிகளோடு படம் வரைந்திருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து மட்டும் எந்த அம்பும் கிளம்பவில்லை.

வெர்னா கையைத் தூக்கினாள். "மாஸ்டர், ஒரு விஷயம். மூணாவதை மாத்திடலாம். பிடுங்கினதும் தூர எறிஞ்சிடணும். இல்ல காலால தள்ளிடணும். ஸ்டெல்லா தள்ளின மாதிரி."

"ஸ்டெல்லா எந்த நிலை?"

"எந்த நிலையும் இல்ல மாஸ்டர். கேன்டீன்."

"அப்ப?"

"அவங்க தள்ளினாங்க, சண்டை முடிஞ்சுபோச்சு. நான் குடுத்தேன், கை ஒடஞ்சுபோச்சு."

"தடியை எறிஞ்சா தரை கீறும்" என்றார் மாஸ்டர்.

"நிஜச் சண்டையில மேப்பிள் தரை எங்க மாஸ்டர் இருக்கு?"

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். புரியாதவர்களுக்குப் புரிய வைக்கும் பெருமூச்சு அது. "எல்லாரும் காலுக்குக் கீழ இருக்கற தரையை மட்டும்தான் பாக்கறாங்க" என்றார். அதை இரண்டு பேர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் நிறுத்தினார்.

"வியாழக்கிழமை வாரப்பத்திரிகைலேர்ந்து டோரீன் வர்றா. நீ திருப்பிக் குடுத்தது தப்புன்னு ஊரெல்லாம் பேசறாங்க. அது தப்பில்ல. அது ஒரு உத்தி. 'மரியாதைத் திருப்பம்'. எதிரி கோபத்துல இருக்கான். நீ மரியாதை குடுக்கற. அவன் குழம்பறான். தேங்க்ஸ்னு சொன்னானா இல்லையா?"

"சொன்னான். சொல்லிட்டு அடிச்சான்."

"முதல்ல சொன்னான். அதை மட்டும் சொல்லு." குரலைத் தாழ்த்தினார். "சொல்லிட்டேன்னா, டோரீன் முன்னாடியே பெல்ட்டைக் கட்டறேன். போட்டோவோட. எட்டு வருஷம், வெர்னா."

அவள் தெருவுக்கு வந்து பேருந்துச் சாவியை வைத்துக்கொண்டு வெறுமனே நின்றாள். எட்டு வருடம் சுண்டுவிரலைப் பற்றி யோசித்திருக்கிறாள். வீட்டில் துணிகள் தொங்கும் கம்பிக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்பு பெல்ட்டுக்கென்று ஓர் ஆணிகூட அடித்து வைத்திருக்கிறாள். சொன்னால் என்ன, ஒரு வரிதானே என்று இரண்டு இரவும் தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்லவும் முடிந்தது. கண்ணாடி முன்னால் நின்று, முழுசாக, திக்காமல்.

வியாழக்கிழமை டோரீன் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, காமிராவோடு மேப்பிள் தரையில் சாக்ஸுடன் வந்தாள். எல்லோரும் வெள்ளை உடையில் வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் மரியாதைத் திருப்பத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சில் மூன்று இடத்தில் ஜப்பானியத் துறவிகள் வந்தார்கள்.

"வெர்னா, நீங்க சொல்லுங்க" என்றாள் டோரீன். "வேணும்னேதான் திருப்பிக் குடுத்தீங்களா?"

வெர்னா மாஸ்டரைப் பார்த்தாள். "மாஸ்டர், இனிமே எறியச் சொல்லிக் குடுப்பீங்களா?"

"அதை அப்புறம் பேசலாம்."

"சொல்லிக் குடுப்பேன், மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க போதும்."

"தரை, வெர்னா" என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு, காமிராவுக்குச் சிரித்தபடி. அவள் மனசு மாறிவிடப்போகிறது என்று பயந்தாரோ என்னவோ, பையைத் திறந்து பெல்ட்டை எடுத்து, இரண்டு கையிலும் ஏந்தி அவளிடம் நீட்டினார்.

வெர்னா வாங்கினாள். கனமாக இருந்தது, துணிதான், ஆனாலும் கனம். தங்க நூலில் அவள் பெயர்கூடத் தைத்திருந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு. ஓரடி பின்னால் நகர்ந்தாள். பெல்ட்டைக் கிடையாக இரண்டு கையிலும் ஏந்தி அவரிடமே நீட்டினாள். அவர் கை தானாக வாங்கிக்கொண்டது. வெர்னா குனிந்து வணங்கினாள்.

மாஸ்டர் திகைத்தார். பிறகு, வணங்கியவுடன் மறுபடி வர வேண்டும் என்று பழகிய கைகள் மறுபடி நீட்டின. அவள் வாங்கி, விலகி, கொடுத்து, வணங்கினாள். மூன்றாவது முறையும் நடந்தது. டாக்டர் வாஸ் அறியாமல் காலால் தாளம் தட்டத் தொடங்கியிருந்தார்.

டோரீன் காமிராவைக் கீழே இறக்கினாள். "இதுவும் மரியாதைத் திருப்பமா?"

"இல்ல" என்றாள் வெர்னா. "இது திருப்பிக் குடுக்கறது. அன்னைக்குக் குடுத்தது பழக்கம். அதைப் போட்டுக்கோங்க."

பூட்ஸை மாட்டிக்கொள்ள வாசலில் உட்கார்ந்தாள். இடது காலை உள்ளே விட்டாள். வெளியே பார்க்கும் சுண்டுவிரல் எப்போதும் போல மடங்கி வலித்தது. உள்ளே மாஸ்டர், பெல்ட்டை இரண்டு கையிலும் ஏந்தியபடியே, துறவிகளைப் பற்றி மறுபடி ஆரம்பித்திருந்தார்.