ஸ்நேகாவுக்குப் போன கரண்ட்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி மில் வேலைக்குப் போகும் யேசுதாஸின் பைக், அவன் மகள் பிறந்த வாரத்திலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. அதன் கரண்ட் முழுக்க அந்தக் குழந்தையின் நெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்குக் காரணம் பாஸ்டர் தாவீது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது, நெஞ்சு துடிப்பதும் நிற்பதுமாக இருந்தது, டாக்டர் கையை விரித்துவிட்டார். ஜெப எண்ணெய் பாட்டிலோடு ஓடி வந்த பாஸ்டரை நர்ஸ் உள்ளே விடவில்லை. எண்ணெயோடு வந்துவிட்டு எண்ணெயோடு திரும்பிப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்கினால் பாஸ்டரைக் கூப்பிட்டு ஹெட்லைட்டின் மேல் ஒரு சொட்டு வைத்து ஜெபம் செய்வது வழக்கம். அந்த ஞாபகத்தில் அவர் வண்டி ஸ்டாண்டுக்குப் போனார். யேசுதாஸின் மனைவி விக்டோரியாவை வலி எடுத்தபோது ஏற்றி வந்த பைக் எது என்று அவனைக் கேட்டார். "ஆண்டவரே, இதுல கீற ஜீவன் அந்தப் பிள்ளைக்குப் போகட்டும்" என்று பாட்டிலை எஞ்சின் மேல் மொத்தமாகக் கவிழ்த்தார். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. வெளியே பைக் செத்துப்போனது. யேசுதாஸ் இருந்த சந்தோஷத்தில் அதைத் தள்ளிக்கொண்டே கவரைப்பேட்டை வீடு வரை வந்துவிட்டான்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பைக்கை மெக்கானிக் லோகுவிடம் விட்டார்கள். கடை அதே தெருவின் முனையில் இருக்கிறது. "இன்னாண்ணா இது, ப்ளக்கு மேல எண்ணெய ஊத்தி வெச்சா வண்டி எப்டி எடுக்கும்?" என்று சிரித்த லோகு ப்ளக்கைக் கழற்றித் துடைத்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், எஞ்சின் மேல் ஒட்டிப் பிடித்து உதைத்துப் பார்த்தான். பொறி வரவில்லை. புது ப்ளக் போட்டான், ஒயரை மாற்றினான், சுவிட்சைப் பிரித்துப் பூட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ப்ளக்குக்குக் கரண்ட் அனுப்புகிற காயில் மேல் சந்தேகம் வந்து, அதைக் கழற்றி ஒரு பால்காரரின் பைக்கில் மாட்டினான். அங்கே ஒரே உதையில் வண்டி எடுத்தது. அதே நேரத்தில் வீட்டில் விக்டோரியாவின் மடியில் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் அலறி ஓடி வந்தபோது, லோகு காயிலைப் பழைய இடத்தில் பூட்டிவிட்டு ஒரு உதை உதைத்தான். குழந்தை தூக்கிப்போட்டாற்போல் ஒரு விக்கல் விக்கி, மூச்சை இழுத்து, சிவந்தது. மறுபடி உதைத்தான். ப்ளக்கில் பொறி இல்லை, பிள்ளைக்கு விக்கல் வந்தது. காயிலை இன்னொரு முறை கழற்றிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. எந்த வண்டிக்கும் அந்தச் சோதனையைச் செய்யாமல் விடாத லோகு, அன்று மட்டும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணா, வண்டில ரிப்பேரே இல்ல. கரண்ட்டு வருது. பாப்பாக்கு போவுது. இனிமே நான் இதுல கைய வெக்க மாட்டேன்" என்றான்.

பிள்ளைக்கு ஸ்நேகா என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து யேசுதாஸ் தினமும் காலையில் ஸ்நேகாவுக்காக வண்டியை உதைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் மில்லுக்குப் போனான். ஒரு உதை மறுநாள் வரை தாங்கியது. அவனுக்கு டபுள் ஷிப்ட் விழுந்தால் பக்கத்து வீட்டு குணசுந்தரி வந்து உதைத்தாள். வெள்ளம் வந்த வருஷம் கட்டிலில் பைக் இருந்தது, குடும்பம் தண்ணீரில் நின்றது. லோகு சொன்ன சொல்லைக் காப்பாற்றி எஞ்சினைத் தொடவே இல்லை. ஆனால் வருஷா வருஷம் பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினான், செயினுக்கு கிரீஸ் வைத்தான். ஓடாத வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களிடம், "யாரு சொன்னா? அது ஓடிக்கினுதான் கீது" என்று பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஸ்நேகாவைக் காட்டினான்.

ஸ்நேகா ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் யேசுதாஸின் முட்டி வீங்கிக்கொண்டது. எத்தனை வருஷத்து உதை! ஒருநாள் காலை அவன் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "நீ குந்து டாடி, நான் உதைக்கறேன்" என்றாள். "வேணாம்டி" என்று அடுப்படியிலிருந்து விக்டோரியா கத்துவதற்குள், ஸ்நேகா கிக்கர் மேல் ஏறி நின்று முழு பாரத்தையும் போட்டு அமுக்கினாள். பைக் படபடவென்று ஸ்டார்ட் ஆனது. தெருவே ஓடி வந்தது. பொறி இங்கே வந்துவிட்டால் அங்கே என்ன இருக்கும் என்ற ஒரே பயம்தான் எல்லோருக்கும். யேசுதாஸ் மண்டியிட்டு மகளின் நெஞ்சில் காதை வைத்தான். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. விக்டோரியா பாய்ந்து வந்து சாவியைத் திருப்பினாள். வண்டி நின்றது. ஸ்நேகாவின் நெஞ்சு நிற்கவில்லை, திடமாக, தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

"உடு டாடி, கூச்சமா கீது" என்று அவள் நெளிந்தாள். அவன் விடவில்லை. தெருவே பார்க்க, வெட்கமில்லாமல் அழுதான்.

அழுது முடித்ததில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அதனால் பைக்கிலேயே போனான். மில் கேட்டில் வாட்ச்மேன் துளசிராமன், "இன்னா யேசுதாசு, வண்டில வந்துக்கினு கீற?" என்று கேட்டார்.

"பாப்பா திருப்பிக் குட்துட்சுண்ணா."

"அப்டியா, நல்லது. நெழலா பாத்து நிறுத்து" என்று சொல்லி அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.