சைபருக்கும் இடம் வேண்டும்

கம்ப்யூட்டரின் பிளாப்பி அட்டை கருவாடு மாதிரி வளைந்திருந்தது. ரியாசுதீன் அதை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். கையை எடுத்ததும் பழையபடி வளைந்துகொண்டது.

"ஏரித்தண்ணி பட்டுச்சுன்னு எம் பொஞ்சாதிதான் வெயில்ல போட்டா, எறா காயுற எடத்துல" என்றார் கோட்டைக்குப்பத்து மீனவர் கோதண்டம். "நனஞ்சா காய வெக்கத்தான் அவளுக்குத் தெரியும்."

ரியாசுதீன் அதைத் திருப்பிப் போட்டு மறுபடி அழுத்தினான். மனைவி லத்தீபா இறந்துபோனதிலிருந்து அவன் பேச்சு குறைந்துவிட்டது.

பழவேற்காட்டில் ஒரு மீன்வள ஆய்வு அலுவலகத்தில் அவன் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கோட்டைக்குப்பத்தில் பாடு வைத்துத்தான், அதாவது இடத்தையும் நாளையும் முறை பிரித்துக்கொண்டுதான், ஏரியில் வலை போடுவார்கள். ஒருவன் முறையன்று அந்த இடத்தில் வேறு யாரும் இறங்கக் கூடாது. ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கு எவ்வளவு மீன் பட்டது என்பதை ரியாசுதீன் கம்ப்யூட்டரில் ஏற்றி வந்தான். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மூடியதால் மீன் குறைந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அதைத் தோண்டச் சொல்லிக் கலெக்டரிடம் மனு கொடுக்க ஊரே காத்திருந்தது. எழுதிய தாள்கள் புயல் மழையில் கூழாகிவிட்டன. இங்கே திட்டம் முடிந்து, பிரிண்டரை நேற்றே கொண்டுபோய்விட்டார்கள். கம்ப்யூட்டர் இன்று மதியம் ஜீப்பில் சென்னைக்குப் போகிறது. அங்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு திட்டத்துக்குக் கொடுப்பார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று கோதண்டத்திடம் கொடுத்த நகல்தான் இப்படி ஆகியிருந்தது.

"வேற அட்டை இல்லியா பாய்?"

இருந்தது. ஒன்றே ஒன்று. சோறு கொண்டுவந்த ஒரு மத்தியானம் லத்தீபா அவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி ஒரு வரி எழுதினாள். அதை அந்தப் பிளாப்பியில் வைத்திருந்தான்.

கோதண்டத்திடம் சொன்னான்.

"அது ஒரு ஓரமா இருக்கட்டுமே."

"கணக்கே அட்டைய முழுசா நெரப்பிடும், ஒரு வரிக்குக்கூட எடம் பத்தாதுண்ணே."

கோதண்டம் தலையைச் சொறிந்தார். "அப்ப எங்க ஊட்டு கணக்க எட்துடு. எனக்கு இன்னா பட்டுச்சி, பாதி பாடு வெறும் சைபரு. அது எதுக்கு எடத்த அடச்சிகினு?"

"சைபருக்கும் அதே எடந்தான்."

"அதான் சொல்றேன், தூக்கிப் போடு. யாரு கேக்கப் போறா?"

ரியாசுதீன் திரையில் அவர் வரிசையைக் கீழே ஓட்டினான். மற்ற வீடுகளுக்குக் கொஞ்சமாவது பட்டிருந்தது. முகத்துவாரம் மூடிய மாதத்திலிருந்து இவருக்குத்தான் சைபர் மேல் சைபர்.

"கலெக்டருக்கு இதுதாண்ணே புரியும்" என்றான்.

லத்தீபாவின் வரியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது அவன் கையெழுத்தாகத்தான் இருக்கும். அவள் வரி இருந்த பிளாப்பியைச் செருகினான். அழிக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவன் விரல் சற்று நேரம் பொத்தானின் மேல் கிடந்தது. பிறகு அழுத்தினான். நகல் எடுக்கச் சொன்னதும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னா எழுதியிருந்திச்சி அந்தப் பொண்ணு?"

"இன்னிக்கு கொழம்புல உப்பு ஜாஸ்தி, திட்டாதீங்கன்னு."

கோதண்டம் சிரித்துவிட்டார். "ஜாஸ்தியா?"

"வாயில வெக்க முடியல."

"திட்டினியா?"

"இல்ல. ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்பிட்டேன்."

வெளியே ஜீப் வந்து நின்றது. விளக்கு இன்னும் அணையவில்லை. "கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கண்ணே" என்றான் ரியாசுதீன். கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.