நெய் சேர்த்த சீனக் கஷாயம்

அப்பாவுக்கு ஈரலில் கொழுப்பு என்று எறணாகுளத்தில் ஸ்கேன் எடுத்துச் சொன்னது எண்பத்தாறாம் வருஷம். கள்ளைத் தொட்டறியாத ஐயருக்கு ஈரல் வியாதியா என்று மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவே மூக்கின்மேல் விரல் வைத்தது. தாத்தா இதே வயதில் வயிறு வீங்கிச் செத்தவர். அன்றிலிருந்து அம்மா லோகாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் நடக்கச் சொன்னார், எண்ணெயைக் குறைக்கச் சொன்னார், மருந்து எழுதவில்லை. மருந்து தராதவர் என்ன டாக்டர் என்று அம்மா அப்பாவை நாணு வைத்தியரிடம் இழுத்துப் போனாள். அவர் சிங்கப்பூரில் ஒரு சீனரிடம் ஊசி வைத்தியம் பழகியவர். அப்பாவின் காலில் மெல்லிய ஊசிகள் வரிசையாக நிற்கும். கடைத்தெரு அதிர மிளகு விலை பேசுகிற மனுஷன், அங்கே அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். அடுத்த கிடங்கின் சுக்கு மணம் அறை முழுக்க இருக்கும். அந்த மணத்துக்கு இன்றும் மனசு ஏங்குகிறது.

வைத்தியர் தந்த சீன வேர்களை அம்மா தினமும் காய்ச்சினாள். அப்பாவும் சமர்த்தாகக் குடித்தார். தொப்பை மட்டும் அசையவில்லை. வைத்தியருக்குச் சந்தேகம் வந்தது.

"கஷாயம் எப்படியாக்கும் கொடுக்கறது, மாமி?"

"எப்பவும் போலத்தான். மேம்பொடிக்கு ஒரு கரண்டி நெய் விட்டு."

எங்கள் பக்கத்தில் கஷாயம் என்றால் மேலே நெய்யோ சர்க்கரையோ சேர்க்காமல் தரமாட்டார்கள். அதுதான் மேம்பொடி.

வைத்தியர் தலையில் கை வைத்தார். "எந்தா மாமி இது! கொழுப்பு போகத் தர்ற மருந்தில நெய்யோ!"

அம்மா வீடு வரும்வரை அழுதாள். "நானே உங்களைக் கொல்லப் பாத்தேனே."

"போடி அசடே. நெய் மணம் இல்லாட்டா அதை என்னிக்கோ கொட்டியிருப்பேன்" என்றார் அப்பா.

மறுநாள் நெய்யில்லாத கஷாயத்தை முகர்ந்துவிட்டு டம்ளரைத் தள்ளினார். "என்னால முடியாது, லோகா. வந்தது வரட்டும்."

அம்மாவுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. டம்ளரை உதட்டில் வைத்துப் பாதியைக் குடித்தாள். முகம் கோணியது. "நான் குடிச்சாச்சு. இனி நீங்கோ" என்று நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் அண்ணாந்துதான் குடிப்போம். அப்பா சாப்பிட்ட இலையில் அம்மா சாப்பிடுவாள். அவள் எச்சில் அவர் வாயில் பட்டதே கிடையாது. பதறிப்போய்க் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

அப்பா விடவில்லை. டம்ளரைப் பிடுங்கி, அவள் வாய் பட்ட இடத்திலேயே வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தார்.

அப்பா தாத்தாவின் வயதைத் தாண்டினார். ஊசியா, வேரா, நெய்யை நிறுத்தியதா, யாருக்குத் தெரியும்? கஷாயம் நின்ற பிறகும் அவர்கள் இரண்டு பேரும் காலைக் காப்பியை ஒரே டம்ளரில்தான் குடித்தார்கள். முதல் வாய் அம்மாவுக்கு.