நீல ஓரம் போட்ட அட்டை

கொல்லைப்புறத் துவைகல்லில் உட்கார்ந்து உடையப்பன் மூன்றாவது முறையாகப் பர்ஸைத் திறந்து பார்த்தார். அட்டை அங்கேயேதான் இருந்தது. அதற்குக் கால் முளைத்து எங்காவது போய்த் தொலைந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். ஆதார் அட்டைக்கும் பென்ஷன் அட்டைக்கும் நடுவில், ரோஸ் ஓரம் போட்டு, ஒரு மடிப்புக்கூட விழாமல் புதுசாக இருந்தது.

வீட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். மேளம் இல்லாத சாவு வீடு அவருடைய சொந்தக்காரர்களுக்கு ஒட்டவில்லை. பந்தலில் உட்கார்ந்து, எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பது, எதற்கு உட்கார்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஆண்டியப்பன் மட்டும் காலையில் வந்த கையோடு கேட்டுவிட்டார், எரிப்பதா புதைப்பதா என்று. "பொதைக்கத்தான் சொல்லியிருக்காண்ணே. அவ இஷ்டம்" என்று உடையப்பன் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நேற்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அரை டம்ளர் நொய்க்கஞ்சி குடித்துவிட்டு, "போதும்ங்க" என்று படுத்த மனைவி பிரகதீஸ்வரி பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயது. வயிற்றில் கட்டி. போன நவம்பரில் டாக்டர் ஆறு மாதம் என்று சொல்லியிருந்தார். செப்டம்பர்வரை இருந்தாள்.

மகள் ராஜலட்சுமி ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் இன்னொரு கையில் மாத்திரையுமாக வந்தாள். அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்டவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு மாதமாக இங்கேயே இருக்கிறாள்.

"அப்பா, பிரஷர் மாத்திரை. மணி பன்னெண்டாச்சு."

"அப்பறம் போடுறேன்."

"நேத்தும் போடல நீங்க."

"இனிமே அதப் போட்டு என்னம்மா ஆகப்போகுது. அங்கிட்டு வையி."

அவள் வற்புறுத்தவில்லை. துவைகல்லின் ஓரத்தில் செம்பை வைத்து, மாத்திரையை அட்டையோடு பக்கத்தில் வைத்தாள்.

"பாஸ்டர் அம்மாவோட இந்த வருஷ வாக்குத்தத்த அட்டையக் கேக்குறாரு. மூணு மணிக்கு ஜெபம் பண்றப்ப வாசிக்கணும்ல. அம்மாவோட வேதப் புத்தகத்துலதான் இருக்கு. எடுத்துக் குடுத்துரவா?"

"இரு இரு" என்றார் உடையப்பன் அவசரமாக. "நானே எடுத்துத் தாரேன்."

ராஜலட்சுமி ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்னவாசலில் பிரகதீஸ்வரி போய்வந்த சபை ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னக் கட்டடம். ஜனவரி வருஷப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக் கொண்டுவருவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்த வருஷம் அவருக்குக் கடவுள் கொடுக்கும் வாக்கு. இடையில் யாராவது இறந்துபோனால், பெட்டியை மூடுவதற்குமுன் அந்த அட்டையை எல்லோருக்கும் கேட்க வாசித்து, இறந்தவர் கையில் வைத்து அனுப்புவது அந்தச் சபையின் வழக்கம்.

"கிளி இல்லாத கிளி ஜோசியம்" என்பார் உடையப்பன்.

"கிளிக்கு நெல்லு போடணும். இங்க அது மிச்சம்" என்பாள் பிரகதீஸ்வரி.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஞானஸ்நானம் எடுத்தபோது அவர் தடுக்கவுமில்லை, கூடப் போகவுமில்லை. அப்போது இருந்த பாஸ்டர் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். "எங்கப்பா திருக்கோகர்ணத்துக் கோயில்ல வச்ச பேருங்கய்யா. அத மாத்தலைன்னா ஆண்டவருக்கு என்னைய அடையாளம் தெரியாமயா போயிரும்?" என்று கேட்டுவிட்டு அம்மன் பெயரோடேயே தண்ணீரில் இறங்கினாளாம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உடையப்பன் அவளை வண்டியில் கொண்டுபோய் சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்த்த டீக்கடையில் பேப்பரை விளம்பரம்வரை படித்து முடித்து, கூட்டிக்கொண்டு வருவார். வாசலைத் தாண்டியதில்லை.

இந்த வருஷப் பிறப்பன்று அவளால் எழுந்து நிற்க முடியவில்லை.

"எனக்கு ஒரு அட்டை எடுத்துட்டு வாங்க. அப்படியே ஒங்களுக்கும் ஒண்ணு எடுங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு?"

"தட்டுல கெடக்கும். எடுத்தா கொறைஞ்சா போயிரும்?"

போனார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்தார். தட்டு வந்தபோது தனக்கு ஒன்று எடுத்தார். பெண்கள் பக்கம் தட்டை வைத்திருந்த அழகம்மாள், "அக்காவுக்கு இதுல எடுங்கண்ணே" என்று நீட்டினாள். அதில் ஒன்று எடுத்தார். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் டீக்கடைக்கு வந்து படித்தார்.

அவருக்கு வந்தது நீல ஓரம் போட்டது. உன் ஆயுசு நாட்களைக் கூட்டித் தருவேன் என்று கடவுள் சொல்வதாக இருந்தது. அவளுக்கு வந்தது ரோஸ் ஓரம். உனக்கு ஓர் இடத்தைத் தயார் செய்துவிட்டு வந்து கூட்டிப்போவேன் என்று இருந்தது.

உடையப்பனுக்கு வசனம் தெரியாது. ஆனால் வயிற்றில் கட்டியோடு படுத்திருக்கும் பெண்ணுக்கு எந்த இடம் தயாராகிறது, யார் வந்து எங்கே கூட்டிப்போகப்போகிறார் என்பது புரியாத அளவுக்கு அவர் குழந்தையில்லை. டீ ஆறி ஆடை படர்ந்தது. ரோஸ் அட்டையைப் பர்ஸில் திணித்துக்கொண்டு, நீல அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார்.

அவள் அதை வாங்கிப் படித்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். அப்புறம் மறுபடியும் அட்டையைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்ல வசனம்ங்க" என்றாள். "ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

"அது எங்கயோ விழுந்துருச்சு."

அவள் சிரித்ததுபோல இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த நீல அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் செய்வாள். உடையப்பன் டீயோடு கதவோரம் நிற்பார். அவர் முப்பத்தொரு வருஷம் புதுக்கோட்டை–விராலிமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மீதிச் சில்லறைக்காக ஒரு பயணி அவரைத் தேடி வந்ததில்லை. அப்படிப்பட்டவர், சாகக் கிடக்கும் பெண்டாட்டியை அவளுடைய சாமியின் பெயரைச் சொல்லி ஏமாற்றிவிட்டு, அவள் கண்ணைத் திறக்கும்வரை காத்திருப்பார். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயைத் திறந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "டீ ஆறுது" என்றுதான் வந்தது.

இப்போது மூன்று மணிக்கு அந்த அட்டையை வாசிப்பார்கள். ஐம்பத்தொன்பது வயதில் பெட்டிக்குள் கிடப்பவளின் தலைமாட்டில் நின்று, ஆயுசைக் கூட்டித் தருவேன் என்று. பந்தலில் இருக்கும் சொந்தக்காரர்கள் இன்றைக்கு வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். நாளைக்கு டீக்கடையில் சிரிப்பார்கள். அவளுடைய கடவுளை உடையப்பனுக்குத் தெரியாது. ஆனால் அவளை வைத்து அந்தக் கடவுளை யாரும் கேலி பேசுவதை அவரால் தாங்க முடியாது.

அதுகூடப் பரவாயில்லை. நேற்று "போதும்ங்க" என்று படுத்தவள், கண்ணை மூடுவதற்குமுன் தலையணைப் பக்கத்தில் இருந்த வேதப் புத்தகத்தைப் பார்த்தாள். கொடுத்த வாக்கை ஆண்டவர் காப்பாற்றாமல் விட்டுவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே போயிருப்பாளோ? பதினெட்டு வருஷ நம்பிக்கையைக் கடைசி நிமிஷத்தில் அவளைக் கைவிட வைத்தது தான்தானோ? நேற்றிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது இதுதான்.

எழுந்து உள்ளே போனார். அறையில் ராஜலட்சுமி பீரோவிலிருந்து அம்மாவின் வெள்ளைப் புடவையை எடுத்துக்கொண்டிருந்தாள். உடையப்பன் கதவைச் சாத்தினார். பர்ஸைத் திறந்து ரோஸ் அட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"இதாம்மா ஒங்கம்மாவுக்கு வந்தது. புத்தகத்துல இருக்குறது எனக்கு வந்தது. நான் மாத்திக் குடுத்துட்டேன்."

சொல்லிவிட்டு அட்டைக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜலட்சுமி அட்டையை எடுத்துப் படித்தாள். அவள் அழுவாள், இல்லாவிட்டால் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"நீங்க மாத்துனது. மொத நாளே தெரியும். அப்பா, நீல ஓரம் ஆம்பளைங்க அட்டை. ரோஸு பொம்பளைங்களுக்கு. வருஷா வருஷம் அப்படித்தான்."

உடையப்பன் ரோஸ் அட்டையை வாங்கி ஓரத்தைப் பார்த்தார். கட்டு கட்டாக டிக்கெட் கிழித்த காலத்தில், நிறத்தைப் பார்த்தே இன்ன ஊருக்கு இன்ன டிக்கெட் என்று தூக்கத்தில்கூடச் சொன்னவர். இரண்டு அட்டையை மாற்றுவதில் கோட்டை விட்டிருந்தார்.

ராஜலட்சுமி வேதப் புத்தகத்திலிருந்து நீல அட்டையை எடுத்துத் திருப்பி அவரிடம் நீட்டினாள். பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. பிரகதீஸ்வரியின் கையெழுத்து, எட்டாம் வகுப்போடு நின்றுபோன குண்டுக் கையெழுத்து: 'வீட்டுக்காரருக்கு வந்தது. பத்திரம்.'

"தெனம் இத வச்சுக்கிட்டு ஒங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணுச்சு" என்றாள் ராஜலட்சுமி. "அவரு ஆயுசுக்கு ஆண்டவர் குடுத்தது, அவரு தொலைச்சுருவாரு, நான் வச்சிருக்கேன்னு சொல்லும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நான் சொல்றேன்னேன். வேணாம்னுருச்சு. அவரு எனக்காகத் தூக்கிட்டு அலையுறாரு, அவரா எறக்கி வைக்கிறப்ப வைக்கட்டும்னுச்சு."

உடையப்பன் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது.

"இந்த ரோஸு அட்டையில என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியாம போயிருச்சே."

"கேட்டேன்ப்பா. என்னவா இருக்கும்மான்னு. அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? ஒங்கப்பா பயந்து ஒளிச்சு வைக்கிற அளவுக்கு இருந்தா, நான் போற எடத்தப் பத்தினதாத்தான் இருக்கும். அவருதான் பயப்படுறாரு, எனக்கு என்ன பயம்னுச்சு. அன்னைக்கு நல்லாத் தூங்குச்சு."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நேற்றிலிருந்து வராத அழுகை. மகள் பக்கத்தில் நின்று, அவர் முடிக்கும்வரை புடவையை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். ஏமாந்துபோகாமல் போயிருக்கிறாள் என்பது போதும் அவருக்கு. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமலே நன்றியாக இருந்தது.

மூன்று மணிக்குப் பாஸ்டர் ஜஸ்டின் பெட்டியின் தலைமாட்டில் வந்து நின்றார். உடையப்பன் ரோஸ் அட்டையை அவரிடம் கொடுத்தார். பாஸ்டர் முதலில் தனக்குள் படித்து, அப்புறம் சத்தமாக வாசித்தார். இடம் தயாராகும் என்பதையும், வந்து கூட்டிப்போவதையும். பெண்கள் பக்கம் அழகம்மாள் தேம்பினாள். டாக்டர் சொன்னதைவிட நாலு மாதம் கூடக் கொடுத்ததற்கும், கடைசியில் வலி இல்லாமல் வைத்ததற்கும், கஞ்சி இறங்கியதற்கும்கூடப் பாஸ்டர் ஒவ்வொன்றாக நன்றி சொன்னார்.

ஆண்டியப்பன் தம்பியின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "எடம் போட்டு வச்சிருக்காகன்னா சொல்றாரு?"

"ஆமாண்ணே."

"அப்பச் சரித்தான்" என்றார் ஆண்டியப்பன், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

உடையப்பனுக்கு விராலிமலை பஸ் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அம்மா வீட்டுக்குப் போக அவள் அன்னவாசலில் ஏறுவாள். கூட்டம் பிதுங்கும். புதுக்கோட்டையிலேயே ஒரு சீட்டில் தன் பையை வைத்து, யார் கேட்டாலும் "ஆள் வருது" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு நாள்கூட அவளை நிற்க விட்டதில்லை. அவளும், சீட்டு இருக்குமா இருக்காதா என்று கவலைப்பட்டு ஏறியதில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் ஏறுவாள்.

பாஸ்டர் அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். குனிந்து பிரகதீஸ்வரியின் விரல்களை விலக்கி, உடையப்பன் அதை உள்ளே வைத்து மூடினார். "ஒன்னோடதுதான், ஈஸ்வரி" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. ஆட்கள் குளித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பந்தலில் நாற்காலிகளை அடுக்கினார்கள். உடையப்பன் தலையைத் துவட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தார். சட்டைப் பையில் நீல அட்டை இருந்தது. நனைந்துவிடாமல் அதை முன்னாலேயே வேறு சட்டைக்கு மாற்றியிருந்தார்.

துவைகல்லில் செம்பும் மாத்திரையும் மத்தியானம் வைத்தபடியே இருந்தன.

"ராஜி" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "காலை மாத்திரைய இப்பப் போடலாமா? இல்ல ராத்திரி மாத்திரையோட சேத்தா?"

"இப்பவே போடுங்கப்பா" என்றாள் உள்ளேயிருந்து.

செம்புத் தண்ணீரில் ஒரு வேப்பிலை விழுந்து மிதந்தது. விரலால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, உடையப்பன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தார்.