பாதி வெட்டிய ஈரப் புல்

1

இந்தக் கதை ஒரு சோடிச் சப்பாத்திலிருந்து வந்தது. அது எங்கள் குசினி வாசலில் இருக்கிறது. அடியிலும் ஓரங்களிலும் வெட்டிய புல் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. அதைக் கடந்துதான் நான் தினமும் பஸ்ஸுக்குப் போகிறேன். ஒரு நாள் தட்டிச் சுத்தம் செய்யலாம் என்று குனிந்தேன். செய்யவில்லை. மேலே வந்து எழுத உட்கார்ந்தேன்.

கதை எழுதிப் பழக்கமில்லை. தாவரவியல் படித்தவள். ஆய்வுகூட அறிக்கையில் ‘நான்’ வரக்கூடாது என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். இதில் முதல் பந்தியிலேயே வந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) அன்று காலை மழை விட்டிருந்தது. ஹெவ்லொக் டவுனின் அந்த ஒழுங்கையில்

[மழையில் தொடங்கும் கதைகள் போதும்.]

(ஆ) ஈரப் புல்லை வெட்டக்கூடாது. ஈரத்தில் இலை நிமிர்ந்து நிற்காது, சாய்ந்துவிடும். பிளேட் அதை வெட்டாது, கிழிக்கும். கிழிந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி மெஷினின் அடியில் அப்பிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றுபோகும்.

[அறிக்கை போல இருக்கிறது. ஆனால் பிறகு தேவைப்படும். இருக்கட்டும்.]

(இ) சிவபாலன் அண்ணை நடுங்கும் கைகளோடு

[கை நடுங்கவில்லை. அவர் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.]

3

அன்னபாக்கியம் அன்ரி வீட்டுக்காரி. மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். முன்னால் உள்ள புல்தரை, காலமான அங்கிள் ஆசையாகப் போட்டது. அதில் கால் வைத்தால் தபால்காரனுக்கும் ஏச்சு விழும்.

சிவபாலன் அண்ணைக்கு நெல்லியடியில் புடவைக்கடை. பள்ளிச் சீருடைத் துணி வாங்கக் கொழும்புக்கு வந்தார். வந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதையை மூடிவிட்டார்கள். அன்ரிக்குத் தூரத்து உறவு என்பதால் பின்னறையில் தங்கினார். துணி மூட்டைகளுக்கு நடுவில் படுத்தார். மனைவியும் இரண்டு மகள்மாரும் நெல்லியடியில்.

வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிய வேண்டும். மழை விட்டதும் போவம் என்று இருவரும் ஒத்திப்போட்டார்கள். [இந்த வசனத்தை மூன்று முறை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினேன். கதை முழுவதும் இதில்தான் நிற்கிறது.]

4

மழை விட்ட காலையில் அடுத்த ஒழுங்கை நேசமலர் அன்ரி போன் எடுத்தார். பொலிஸார் வீடு வீடாகச் சோதிக்கிறார்கள், பதிவில்லாத ஆட்களை ஜீப்பில் ஏற்றுகிறார்கள் என்று.

“தம்பி, மெஷினை எடும்” என்றார் அன்னபாக்கியம் அன்ரி. “அறைக்குள்ள கிடந்தா லொட்ஜில தங்க வந்த ஆள் மாதிரி இருக்கும். புல்லு வெட்டுறவன் வீட்டு ஆள்தானே.”

“என்னக்கா, நேற்று இதில கால் வைச்சதுக்கே என்னைக் கிழிச்சுப்போட்டியள்.”

“அது நேற்று. இந்தாரும், அவற்ற சப்பாத்து. போடும்.”

“பெரிசு, அக்கா.”

“நீர் என்ன கலியாணத்துக்கே போறீர்?”

சிவபாலன் அண்ணை அங்கிளின் சப்பாத்தை இழுத்துக்கொண்டு மெஷினிடம் போனார். “எங்கட முத்தத்தில ஒரு புல்லு நிண்டாலே மனிசி பேசுவா*. நீங்கள் வளக்கிறியள். வளத்துப்போட்டு வெட்டுறியள். வெட்டிப்போட்டுப் பிறகும் தண்ணி ஊத்துறியள்.”

“வாயை மூடிக்கொண்டு கயித்தை இழும்.”

மெஷின் பிடித்துக்கொண்டது. சத்தம் ஒழுங்கை முழுவதும் கேட்டிருக்கும். அவர் போனார், திரும்பினார், போனார். பின்னால் புல் கட்டி கட்டியாக விழுந்தது. பாதித் தரை முடிந்திருக்கும். மெஷின் இருமியது, நின்றது. அந்த அமைதியில் கேற் திறந்தது.

* யாழ்ப்பாணத்து முற்றம் கூட்டிப் பெருக்கிய மணல். புல் நின்றால் வீட்டில் ஆளில்லை என்று பொருள். இப்போது அங்கே எத்தனையோ முற்றங்களில் புல் நிற்கிறது.

5

இந்த இடத்தில் அன்ரி என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. பனி காயாத புல்லையே வெட்ட விடாதவர் இதைச் செய்வாரா? வாசகர் நம்புவாரா? கீழே போய்க் கேட்டேன்.

“அன்ரி, ஈரம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்ப ஏன்?”

அவர் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வேற என்னத்தைப் பிள்ளை அவற்ற கையில குடுக்கிறது?”

6

உள்ளே வந்த சார்ஜனுக்கு வயது ஐம்பதுக்கு மேல். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. விடியத் தொடக்கம் நடந்திருப்பார். ஊரில் அவருக்கும் புல் உள்ள வளவு இருந்திருக்க வேண்டும். குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பிழிந்தார்.

“தெத தணகொளத கபன்னே?” ஈரப் புல்லையா வெட்டுகிறாய்?

சிவபாலன் அண்ணைக்குச் சிங்களம் தெரியாது. சிரித்தார். சார்ஜன் விறாந்தையில் நின்ற அன்ரியைப் பார்த்தார்.

“மே கவுத?” இது யார்?

மாடி ஜன்னலில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) சார்ஜன் தன் வீட்டுப் புல்லை நினைத்துச் சிரித்தார். வெயில் வந்த பிறகு வெட்டு, மல்லி (தம்பி) என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

[எழுதி முடித்தபோது சந்தோஷமாக இருந்தது. அடித்தேன்.]

(ஆ) ஜீப்பின் பின்பக்கத்தில் சிவபாலன் அண்ணை, அளவில்லாத அந்தச் சப்பாத்தைக் கழற்றி அன்ரியிடம்

[முடிக்க முடியவில்லை.]

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அவரை விட்டுவிட்டார்கள் என்றால், அன்ரி என்ன பதில் சொன்னார் என்று எழுத வேண்டும். அச்சில் வந்துவிட்ட பதிலைச் சொல்லி அடுத்த வீட்டில் யாரையும் காப்பாற்ற முடியாது. கொண்டுபோனார்கள் என்றால், நெல்லியடி என்று நான் எழுதிய ஊருக்கும் பத்திரிகை போகிறது. ஒரு மனைவி அதை என்னிடமிருந்து அறியக்கூடாது.

பெயர்களை மாற்றிவிட்டேன். ஊரை மாற்றிவிட்டேன். சப்பாத்தை மாற்ற முடியவில்லை. பாதை இன்னும் மூடித்தான் இருக்கிறது. வெட்டாத பாதிப் புல் வளர்ந்துவிட்டது. காயட்டும் என்கிறார் அன்ரி. மழை விடுவதாயில்லை.

7

ஆகவே நீங்கள் வாருங்கள். அன்ரி நின்ற இடத்தில், விறாந்தையில், நில்லுங்கள். மெஷின் நின்றுவிட்டது. பெற்றோல் மணமும் கிழிந்த புல்லின் மணமும் சேர்ந்து வருகின்றன. சார்ஜனின் கையில் ஈரப் புல். பெரிய சப்பாத்தில் நிற்கும் மனிதர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். கேள்வி என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. சார்ஜன் உங்களைத்தான் பார்க்கிறார்.

இது யார்?