பவுல்ராஜ் சொன்ன நேரம்

பீர்மேட்டில் ஜீப் ஓட்டும் பவுல்ராஜிடம், கோட்டயத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கேட்டால், வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரம் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷமாகத் தப்பியதில்லை. மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை, மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி செபமாலையம்மாள் இறந்துபோனாள். ஆக்லாந்தில் நர்ஸாக இருக்கும் ஒரே மகள் அன்னமேரி போனில் கதறினாள்.

"அப்பா, இன்னைக்கு ராத்திரி ஃபிளைட்டு இருக்கு. நான் வந்துருதேன்."

பவுல்ராஜ் அழுதுகொண்டேதான் கணக்குப் போட்டார். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கே ராத்திரி என்றால் இங்கே சாயங்காலம் ஐந்து மணி. சிங்கப்பூரில் மாறி நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கு வர இருபத்திரண்டு மணி நேரம். அங்கிருந்து மலையேற நாலரை. எப்படிப் பார்த்தாலும் நாளை ராத்திரியாகிவிடும். அடக்கமோ நாளைக் காலை பத்து மணிக்கு என்று சர்ச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. மழைக்காலத்தில் எஸ்டேட் லயத்து வீட்டில் கரண்டு நிலையாக இருக்காது. ஐஸ் பெட்டியை நம்ப முடியாது.

"நீ வந்து சேர முடியாதும்மா. கெளம்பாத."

ஒருநாள் காத்திருந்தால்தான் என்ன என்று மனசு கேட்டது. எஸ்டேட் முழுவதையும் காக்க வைப்பதா என்று அதை அதட்டி அடக்கினார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் மலையேறும்போது, குட்டிக்கானத்துக்குக் கீழே மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டது. உடலை ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

"அண்ணே, இன்னைக்கு ரோடு தொறக்காது. மகள வரச் சொல்லுங்க," என்றான் ஆம்புலன்ஸ் டிரைவர் ஜோபி. ஃபிளைட் கிளம்ப அப்போது இன்னும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இருந்தது.

"அஞ்சு மணிக்குள்ள தொறந்துரும். எனக்குத் தெரியாத ரோடாடா?"

வியாழக்கிழமை காலைதான் திறந்தது.

புதன்கிழமை முழுக்கப் பிணவறைக்கு முன்னால் ஜீப்பிலேயே கிடந்தார். கணக்கு மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. மகள் கிளம்பியிருந்தால் இந்நேரம் சிங்கப்பூர். இந்நேரம் நெடும்பாசேரி. சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்துபோய் ஆஸ்பத்திரி கேட்டருகே நின்றார். வரமாட்டாள் என்று தெரிந்தும் நின்றார். மகளோடு பேச முகமில்லை. அவள் கூப்பிட்டபோதெல்லாம் போனை ஜோபியிடம் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை அடக்கத்தை அன்னமேரி போனில் பார்த்தாள். எல்லோரும் கலைந்தபின் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"செவ்வாக்கெழம ராத்திரி நான் ஏர்போர்ட்லதான்பா இருந்தேன். டிக்கெட் எடுத்து, பெட்டியோட. நீங்க மனசு மாறி ஒரு தடவ கூப்பிடுவீங்கன்னு போனையே பாத்துட்டு இருந்தேன்."

பவுல்ராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"கூப்பிடாட்டி என்னம்மா? ஏறி வந்துருக்கலாம்லா?"

"வந்து சேர முடியாதுன்னு சொன்னது நீங்களாச்சே. நீங்க சொன்ன நேரம் என்னைக்குப்பா தப்பியிருக்கு?"