தின்பவர்களுக்கு மட்டும்

பூஞ்சைகளை நம்பலாம், கூட்டத் தலைவர்களைத்தான் நம்ப முடியாது என்பது என் கட்சி. உணவில் சேர்க்கும் நொதிகளைச் சோதித்து, ஆபத்து உண்டா இல்லையா என்று கருத்துச் சொல்லும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அன்று பிற்பகல் கூட்டத்துக்கு வரவிருந்தது, பூஞ்சையிலிருந்து எடுக்கும் ஒரு நொதி. ரொட்டியைக் காய்ந்துபோகாமல் மெத்தென்று வைத்திருக்கும். பல வருடங்களாகப் புழக்கத்தில் உள்ளதுதான். இப்போது மறுபடி சோதிக்கச் சொல்லியிருந்தார்கள்.

பூஞ்சை நஞ்சு எதையும் சுரக்கவில்லை. பொடியில் உயிருள்ள பூஞ்சை மிச்சமில்லை. மாதக்கணக்கில் அதைத் தின்ற எலிகள் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தன. ஒவ்வாமை தரும் புரதங்களோடு ஒப்பிட்டபோது மட்டும் ஒன்றோடு பொருந்தியது. அது மூச்சில் போனால் ஆஸ்துமா தரக்கூடிய புரதம். இதற்கென்றே எங்களிடம் ஒரு வாக்கியம் தயாராக உண்டு: ‘உண்பதால் ஒவ்வாமை வர வாய்ப்பு குறைவு.’ அதை எழுதிவிட்டு டீ குடிக்கப் போவோம். நானும் போனேன்.

அப்போதுதான் மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, அண்ணனுக்கு மறுபடியும் இழுக்குது. லீவு நாள்ல நல்லாத்தான் இருக்கான். பேக்கரிக்குள்ள போனா மூச்சு வாங்குது. வேலைன்னாதான் உனக்கு இருமல் வருதான்னு கிண்டல்கூடப் பண்ணேன்.”

அவள் சிரித்தாள். எனக்கு அந்த ஆஸ்துமாப் புரதம் நினைவுக்கு வந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

பேக்கரியில் மச்சான் ஒரு பெரிய டப்பாவைத் தூக்கி, மாவு பிசையும் மெஷினுக்குள் பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் முகமே தெரியாத அளவுக்குத் தூசி. டப்பாவின் மேல் இருந்த பெயரைக் காலையிலிருந்து நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

“வாங்க மாப்ளே! ஆபீசுக்கு டிமிக்கியா?”

“மச்சான், அதக் கீழ வைங்க. அந்தப் பொடிதான் உங்க மூச்ச அடைக்குது.”

பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மெஷினைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண்கள் பிதுங்கின. முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஒருவழியாக நிமிர்ந்து, ஒரு ரொட்டித் துண்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இதத் தின்னா எனக்கு ஏதாவது ஆகுமா?”

“ஆகாது.”

“பூராத்தையும் தின்னா?”

“ஆகாது மச்சான், ஆனா...”

“அப்புறம் என்ன? ஊரே தின்னுது. கெளம்புங்க, கூட்டத்துக்கு நேரமாகுது.”

அலுவலகத்தில் நான் கேட்கும் கேள்வியே அதுதான். நான் எழுதும் பதிலும் அதேதான். ஓடிக்கொண்டே மனைவிக்குப் போன் செய்தேன்.

“உங்க அண்ணனை அந்தப் பொடிகிட்ட விடாத. ஏன் எதுக்குன்னு கேக்காத. இப்பவே போ!”

“போறேன், போறேன். அதுக்கு ஏன் வள்ளுன்னு விழறீங்க?”

பொடியைக் கொட்டுபவர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “நம்மகிட்ட கேட்டது தின்னா என்ன ஆகும்னுதான். கொட்டுறவங்களைப் பாக்க வேற ஆபீஸ் இருக்கு சார்.”

“அந்த ஆபீசோட மூக்கும் இந்த ஆபீசோட வாயும் ஒரே ஆள் மூஞ்சிலதான் சார் இருக்கு!”

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மச்சானின் பிதுங்கிய கண்கள்தான் நினைவில் இருந்தன. தொண்டை கட்டும்வரை கத்தியதில், ‘கையாளுவோர் மூச்சில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்க ஒத்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்ட திமிரோடு நேரே பேக்கரிக்குப் போனேன்.

மச்சான் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“சொன்ன பேச்சக் கேட்டேன் மாப்ளே. மத்தியானத்துலேர்ந்து அந்தப் பொடிப் பக்கமே போகல. பாருங்க, மூச்சு ஜம்முன்னு இருக்கு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப, இன்னைக்கு ரொட்டி?”

“அது பாட்டுக்கு நடக்குது. உள்ள போய்ப் பாருங்களேன்.”

உள்ளே என் மனைவி நின்றிருந்தாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தாள். புருவம், இமை, மூக்கு நுனி எல்லாம் வெள்ளை. டப்பாவைக் கவிழ்த்து, அடியைத் தட்டித் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“வெளிய வா! மூச்ச இழுக்காத! வெளிய வா!”

அவள் திடுக்கிட்டு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தூசி கிளம்பியது.

“எதுக்குக் கத்துறீங்க? அண்ணனைக் கிட்டயே விடல. நீங்க சொன்னத அப்படியே செஞ்சேன்.”

அப்படியேதான் செய்திருந்தாள்.